தோலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று

என் சம்பந்தி அம்மா கனடாவுக்குப் போகிறார். அவருடைய மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, தை மாதம் பிரசவம். அந்த நேரத்தில் அங்கே பனி முழங்கால் வரைக்கும் கிடக்குமாம். அதற்காகத் தூத்துக்குடியில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கோட்டு வாங்கியிருக்கிறார். போன ஞாயிறு கோயில் முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து, முத்தையாபுரத்து வெயிலில், காற்றாடிக்கு அடியில் நின்று அதைப் போட்டுக் காட்டினார். மெத்தையைச் சுருட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது.

“உள்ள என்ன போடுவிய மதினி?” என்று கேட்டேன்.

“உள்ள எப்பவும் போலத்தான். காட்டன் சேலை, காட்டன் ஜாக்கெட்டு. கோட்டு இவ்வளவு தடிமனா இருக்கும்போது உள்ள என்னத்தப் போட்டா என்ன?”

“அப்போ அந்தக் கோட்டு உங்களுக்கு உதவாது.”

அவர் சாத்தான்குளம் பக்கம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உதவாது என்று அவர் பிறரிடம் சொல்லித்தான் பழக்கம். “தூத்துக்குடியத் தாண்டாத ஆளு, குளிரப் பத்தி எனக்குச் சொல்லுதியளாக்கும்?” என்று சிரித்தார். பிறகு கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “சரி, எழுதித் தாங்க. தப்பு இருந்தா செவப்பு மையில திருத்தித் தாரேன்” என்றார்.

எழுதுகிறேன். திருத்தட்டும்.

நான் தூத்துக்குடியைத் தாண்டாதவள்தான். ஆனால் இருபத்தாறு வருடம் மைனஸ் இருபது டிகிரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவள். வெளியே தார் ரோடு உருகும். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே மூக்கு மயிர் விறைத்துக்கொள்ளும். இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. முதல் நான்கு வருடம் நானும் எல்லாப் பெண்களையும் போல இறால் உரித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை நாறும், விரல் வெந்து போகும், இடுப்பு விட்டுப் போகும். ஐந்தாம் வருடம் குளிரறைக்கு முன்னால் இருந்த கோட்டு ரூமில் ஆள் தேவைப்பட்டது. எனக்கு எழுத்துச் சுத்தம் உண்டு, வாய்ச் சுத்தம் கிடையாது. எழுத்துக்காக எடுத்தார்கள், வாய்க்காகப் பல தடவை திட்டினார்கள்.

கோட்டு ரூமில் என் வேலை இதுதான். உள்ளே போகிற ஆண்களுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் வெளியே வந்ததும் திரும்ப வாங்கிக் காயப் போட வேண்டும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வந்தார் என்று பலகையில் எழுத வேண்டும். கேட்டால் சின்ன வேலை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குளிரறைக்குப் பொறுப்பாளர் தேவசகாயம் சார். நாசரேத்துக்காரர். பழைய காலத்தில் குளிரூட்டிய சரக்குக் கப்பல்களில் போய்வந்தவர். வடக்குக் கடல்களில் டெக்கில் ஐஸ் வெட்டினவர் என்று சொல்வார்கள். அவர் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. மனிதர் சத்தம் போடவே மாட்டார். ‘குளிருது’ என்று யாராவது சொன்னால், “குளிரு எங்கயும் இருந்து வரல வே. ஒம்ம சூடு போகுது. எங்க வழியாப் போகுதுன்னு பாரும்” என்பார். உடனே ஆளைச் சுற்றி வந்து காலர், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று ஒவ்வொரு இடமாக இழுத்து மூடுவார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற தகப்பன் கெட்டான்.

அவர் கணக்கில் உடுப்பு மூன்று அடுக்கு. தோலுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. தோலோடு ஒட்டிக் கிடக்கிறது வழுவழுவென்று ஒரு முழுக்கைப் பனியன். ஏதோ செயற்கை நூல். வேர்வையை உடம்பிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். ஆண்கள் அதற்குப் பாம்புச் சட்டை என்று பேர் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே கம்பளி ஸ்வெட்டர். கம்பளிக்குள் அடைபட்டுக் கிடக்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அதனால் அதை இறுக்கமாகப் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி வைத்த கனத்த கோட்டு. குளிரறைக்குள் பெரிய காற்றாடிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்றை நிறுத்துவதுதான் கோட்டுக்கு வேலை. கைக்கும் அப்படித்தான், மெல்லிய உறைக்கு மேலே தடித்த உறை. காலுக்கு இரண்டு சாக்ஸ், அளவுக்கு ஒரு நம்பர் பெரிய பூட்ஸ். மூன்று சாக்ஸ் போட்டு இறுக்கிக்கொண்டு வருகிறவனை நிறுத்தி, “விரலு ஆடுதா?” என்று கேட்பார். ஆடாவிட்டால் ஒன்றைக் கழற்றச் சொல்வார். விரல் ஆடினால்தான் ரத்தம் ஓடும் என்பார். அவர் சொன்ன ஒரே விளக்கம் அதுதான். மற்றதற்கெல்லாம் விதி மட்டும் சொல்வார், காரணம் சொல்ல மாட்டார்.

கதவுக்கு முன்னால் கடைசியாக ஒன்று செய்வார். ஒவ்வொரு ஆளையும் திரும்பி நிற்கச் சொல்லி, கோட்டுக் காலருக்குள்ளே புறங்கையை விட்டு முதுகைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் தட்டினால் திரும்ப என்னிடம் அனுப்பிவிடுவார். காய்ந்த உள்சட்டை மாற்றிக்கொண்டுதான் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். லாரி வந்து நின்று ஹாரன் அடித்தாலும் சரி, மேனேஜரே வந்து நின்றாலும் சரி, அந்தக் கை எல்லார் முதுகுக்குள்ளும் போய்த்தான் வரும். எனக்கு அப்போது இது வேடிக்கையாக இருந்தது. மைனஸ் இருபதுக்குள் போகிறவனுக்கு வேர்வையைப் பற்றி என்ன கவலை என்று நினைத்தேன்.

பாம்புச் சட்டையைப் பற்றித் தினமும் புகார். அரிக்கிறது, நாறுகிறது, உடம்பு புழுங்குகிறது. அதிலும் சத்தம் அதிகம் சிலுவை அண்ணனுடையது. ஆலந்தலைக்காரர். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் பார்ப்போம் என்று வேலைக்கு வந்தவர், கடலுக்குத் திரும்பாமல் எங்களோடேயே தங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கினால் இரண்டு ஆள் தூக்குகிறதைத் தூக்குவார், பேசினால் நான்கு ஆள் பேசுகிறதைப் பேசுவார்.

“ஏளா கனி, இந்தச் சனியன மனுசன் போடுவானா? நான் பொறந்ததுல இருந்து கடல்ல நனைஞ்சவன். எனக்கு ஒரு காட்டன் பனியன் குடு, போதும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் ஊரில் காட்டனை யாராவது குறை சொல்வார்களா? பிறந்த பிள்ளைக்குக் காட்டன், காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் காட்டன், வெயிலுக்குக் காட்டன். உடம்புக்கு நல்லது காட்டன் என்பதைச் சோறு நல்லது என்கிற மாதிரி நம்பி வளர்ந்தவள் நான். தேவசகாயம் சாரிடம் ஒரு தடவை கேட்டேன். “பருத்தி வீட்டுல போடுறதுக்கு. இங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கப்பலில் போன மனிதர், நம்மூர்த் துணி அவருக்கு இளப்பம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

ஒரு மே மாதம் சார் மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் லீவு போட்டு நாசரேத்துக்குப் போனார். போகும்போது கோட்டு ரூமை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வருவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்து காட்ட வேண்டும் என்று ஆசை. ஆபீசில் பேசி, வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி மெத்தென்ற காட்டன் பனியன்கள் வாங்கிவிட்டேன். ஆளுக்கு ஒன்று. பாம்புச் சட்டைகளை மூட்டை கட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். ஆண்களுக்கு அவ்வளவு சந்தோஷம். “கனி இருந்தா நமக்குக் கவலையில்ல வே” என்று சிலுவை அண்ணன் பாட்டாகவே பாடினார். நான் உச்சி குளிர்ந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. முதுகைத் தொட்டுப் பார்க்கிற வேலையை நான் எப்படிச் செய்வது? கல்யாணமான பெண், வரிசையாக ஆண்களின் சட்டைக்குள்ளே கையை விட முடியுமா? ஒருவரும் கேட்கவும் இல்லை, நானும் யோசிக்கவும் இல்லை. முகத்தைப் பார்ப்பேன். நெற்றியும் மேல் உதடும் காய்ந்திருந்தால் போ என்பேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கண்டெய்னர் ஒன்றை மதியத்துக்குள் நிரப்பித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உள்ளே இருபது நிமிடம், வெளியே கால் மணி நேரம் என்பது எங்கள் முறை. அன்றைக்கு அந்தக் கால் மணி நேரத்திலும் ஆண்கள் சும்மா உட்காரவில்லை. வெயிலில் கொதித்துக் கிடக்கிற மேடையில் நின்று பெட்டி ஏற்றினார்கள். வேர்த்துக் கொட்டியபடியே கோட்டை மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார்கள். மாற்றிக்கொள்ள வேறு பனியனும் இல்லை, ஆளுக்கு ஒன்றுதானே வாங்கியிருந்தேன். சிலுவை அண்ணன் நான்காவது தடவை உள்ளே போகும்போது நான் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. போங்கண்ணே என்றேன்.

அந்தத் தடவை இருபது நிமிடம் முப்பது ஆயிற்று. “இன்னும் நாலு வரிசதான்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, நானும் விட்டுவிட்டேன்.

வெளியே வந்தவர்கள் எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க, ஒருவரை ஒருவர் கேலி பண்ணிக்கொண்டு நின்றார்கள். சிலுவை அண்ணன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தார். பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. கையுறையைக் கேட்டேன். கையை நீட்டினார், விரலைப் பிரிக்க முடியவில்லை.

“குளிருதாண்ணே?”

“இல்ல. சொகமா இருக்கு” என்றார். நாக்கு தடித்த மாதிரி இருந்தது பேச்சு. பிறகு என்னைப் பார்த்து, “மிக்கேலு, வலைய எடுத்து வையி” என்றார்.

மிக்கேலம்மாள் அவர் மனைவி.

தேவசகாயம் சார் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்: நடுங்குகிறவனைப் பற்றிப் பயப்படாதே, நடுக்கம் நின்றுபோனவனைப் பார், அவனைத் தூக்கிக் குலுக்காதே, தேய்க்காதே, மது கொடுக்காதே. இவர் நடுங்கவே இல்லை.

அதற்குள் ஆண்கள் கூடிவிட்டார்கள். “வெயில்ல போட்டா சரியாயிரும், தூக்குங்கல” என்றான் ஒருவன். “கையத் தேச்சு விடு” என்றான் இன்னொருவன். பிராந்தி வாங்கிவர ஒருவன் கிளம்பியே விட்டான். நான் வாசலில் குறுக்கே நின்றேன். “ஒருத்தனும் அவரத் தூக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. தொட்டியன்னா பாத்துக்கோங்க!” என்று கத்தின கத்தலில் உரிக்கிற கொட்டகைப் பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என் வாய் அன்றைக்கு ஒரு நாள் கம்பெனிக்கு உபயோகப்பட்டது.

கோட்டு ரூம் தரையில் கம்பளி விரித்து மெதுவாகப் படுக்க வைத்தோம். கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டரைக் கழற்றினேன். உள்ளே பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஈரமென்றால் சாதாரண ஈரமில்லை, கிணற்றில் முக்கி எடுத்த ஈரம். கழுத்து ஓரம் விறைத்துப்போய் அட்டை மாதிரி இருந்தது. வெட்கம் கிட்கம் எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. கத்தரியை எடுத்து முன்பக்கம் நெடுக வெட்டி உரித்தேன். உடம்பைத் துடைத்து, அலமாரி மேலே மூட்டையில் கிடந்த பாம்புச் சட்டையைப் போட்டு, காய்ந்த கம்பளி, தலைக்குத் தொப்பி, மேலே இரண்டு போர்வை. சோடா பாட்டில்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, இரண்டு அக்குளிலும் நெஞ்சிலும் வைத்தேன். கேண்டீனில் கருப்பட்டித் தண்ணி காய்ச்சச் சொன்னேன், ஆனால் அவருக்கு விழுங்கத் தெளிவு வரும்வரை கொடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. திடீரென்று அவர் தாடை ஆடியது. அப்புறம் தோள். அப்புறம் ஆளே கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தார், பாட்டில்கள் உருண்டு போயின. நான் ஓவென்று அழுதேன். ஒரு மனிதன் நடுங்குவதைப் பார்த்து சந்தோஷத்தில் அழுதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆள் பிழைத்துக்கொண்டார். இடது கையில் இரண்டு விரல் நுனி மட்டும் கொப்பளித்தது, தோல் உரிந்து சரியாகும் என்றார்கள். வெட்டிப் போட்ட பனியனை நான் மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், ஒளித்தேன். அதுதான் உண்மை.

தேவசகாயம் சார் கல்யாணம் முடிந்த மறுநாளே வந்துவிட்டார். மேனேஜர் ரூமில் விசாரணை. சிலுவை நேரத்தை மீறி உள்ளே நின்றார், விதியை உடைத்தார், ஆகவே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் எழுதியே வைத்திருந்தார். எனக்கு ஒன்றும் வராது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் இத்தனை வருடம் மூடாத வாய், அன்றைக்கு மட்டும் எப்படி மூடும்?

“நேரத்தக் கூட்டி விட்டது நாந்தான் சார். பனியன் மாத்தினதும் நாந்தான்” என்று பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தேவசகாயம் சார் ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தக் காட்டன் பனியனை முக்கிப் பிழிந்தார். ஒரு பாம்புச் சட்டையையும் முக்கிப் பிழிந்தார். இரண்டையும் ஜன்னல் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். சார் கல்யாணத்துப் பலகாரப் பொட்டலத்தை எடுத்து வைத்து, “சாப்பிடுங்க” என்றார். அரைமணி நேரம் ஆயிற்று. முறுக்கு தின்கிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

பிறகு எழுந்து, “கைய வச்சுப் பாருங்க சார்” என்றார் மேனேஜரிடம். பாம்புச் சட்டை அநேகமாகக் காய்ந்திருந்தது. காட்டன் பனியன் அப்படியே ஈரமாகத் தொங்கியது.

“குடிச்ச தண்ணிய இது விடாது. அத முதுகுல கட்டிக்கிட்டுத்தான் அவரு உள்ள நின்னாரு. இது ஆளோட தப்பில்ல.” மேனேஜர் என்னைப் பார்த்தார். சாரும் என்னைப் பார்த்தார். “காரணத்தச் சொல்லாம வெறும் விதியச் சொல்லி வச்சிருந்தேன். அதயும் எழுதிக்கோங்க, எம்பேர்ல.”

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சிலுவை அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஆனால் அவர் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, விரல் ஆறிவிட்டது என்று கேள்விப்பட்டேன், அப்போதும் வரவில்லை. அவர் கொக்கியில் கோட்டு அப்படியே தொங்கியது, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் மிக்கேலம்மாள் வந்தார். ஆலந்தலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் சிலுவை அண்ணனுடைய அடையாள அட்டை. அதை என் மேசைமேல் வைத்தார்.

“அவரு வரமாட்டாரு. கடல்ல போறவரு திரும்பி வாரது மாதா கையில. இங்க யாரு கையில இருந்துச்சு?”

“எங் கையில” என்றேன். “அந்தப் பனியன் நான் குடுத்தது. உள்ள அனுப்புனதும் நான். ஒங்க வீட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் கொக்கி வரிசையைப் பார்த்தார்.

“அவரு உடுப்பு எது?”

காட்டினேன். கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தார், உள்பக்கம் வெளியே திருப்பினார். கம்பளியைத் திருப்பினார். பாம்புச் சட்டையை எடுத்துத் தையல் தையலாக விரலை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்து வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். சாக்ஸைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் வரிசை மாறாமல் திரும்ப மாட்டினார்.

“அன்னைக்கு உள்ள அனுப்பும்போது அவர என்னத்தப் பாத்து அனுப்புன?”

“மூஞ்சியப் பாத்தேன். வேர்வையே இல்ல.”

“மூஞ்சியில எங்க இருக்கும்?” என்றார். “கல்யாணமான நாள்ல இருந்து அவரு சட்டைய நாந்தான் தொவைக்கேன். அந்த மனுசனுக்கு மூஞ்சி வேர்க்காது. முதுகுதான் வேர்க்கும்.”

அடையாள அட்டையைத் திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

“நாளைக்கு அனுப்புதேன். முதுகுல கைய வச்சுப் பாத்துட்டு உள்ள விடு. கூச்சப்படாத. ‘எம் பொண்டாட்டி சொல்லிருக்கா, பாரு’ன்னு அவரே வந்து முதுகக் காட்டுவாரு.”